பட்டியலில் ஏறாத பெயர்கள்

தேர்தல் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது வாக்குச்சாவடியும், அதன் வாயிலில் நீண்டு நிற்கும் வரிசையும், விரலில் இடும் மையுந்தான். அந்த ஒரு நாளின் ஆரவாரத்தில், அதற்குப் பல மாதங்கள் முன்னதாகவே ஓசையின்றி நடந்து முடிந்துவிடும் மற்றொரு காரியத்தை நாம் மறந்துவிடுகிறோம். வாக்காளர் பட்டியல் தயாரிக்கும் காரியத்தைத்தான் சொல்கிறேன். பட்டியலில் பெயர் இல்லாதவனுக்கு வாக்குச்சாவடியும் ஒன்றுதான், வழியிலுள்ள மரமும் ஒன்றுதான். அவனுக்கு உரிமை இருக்கிறது என்று அரசியல் சட்டம் ஆயிரம் முறை சொல்லட்டும். அவன் பெயர் தாளில் ஏறவில்லையென்றால் அந்த உரிமை ஏட்டளவில்கூட நிற்பதில்லை.

இந்தப் பட்டியலை யார் தயாரிக்கிறார்கள் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். நம் நாட்டில் அது அரசாங்கத்தின் கடமை. முதற் பொதுத் தேர்தல் 1951-52இல் நடந்தபோதே கணக்கெடுப்போர் வீடு வீடாகச் சென்று பெயர்களை எழுதி வந்தார்கள். சுமார் பதினேழு கோடி மக்கள் அதில் இடம் பெற்றார்கள். எழுத்தறிவு வேண்டும், சொத்து வேண்டும், வரி கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. அப்படியிருந்தும் ஏறத்தாழ இருபத்தெட்டு லட்சம் பெண்களின் பெயர்களை நீக்க வேண்டியதாயிற்று. தங்கள் பெயரைச் சொல்லாமல் 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய மகள்' என்று மட்டுமே அவர்கள் சொன்னதுதான் காரணம். வீடு தேடி வந்து எழுதிய பட்டியலிலேயே இத்தனை பெயர்கள் தவறிப் போயின என்றால், குடிமகனே அலுவலகம் தேடிச் சென்று எழுதிக்கொள்ள வேண்டிய நாட்டில் நிலைமை எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்க ஐக்கிய நாடு அத்தகைய நாடு. அங்கே பெரும்பாலான மாநிலங்களில், வாக்களிக்க விரும்புகிறவர் தாமே முன்வந்து பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதே நெடுநாளைய வழக்கம். கேட்பதற்கு இது சிறிய வேறுபாடு. ஆனால் பதிவு அலுவலரின் மேசைக்கு அந்தப்புறம் அமர்ந்திருப்பவர் யார், இந்தப்புறம் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்து, அது ஒரு முழு இனத்தையே குடியுரிமையிலிருந்து விலக்கி வைக்கும் மதிலாகவும் ஆகிவிடலாம். அப்படி ஆன ஓர் ஊர்ப்புறத்தின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

மிஸிஸிப்பி மாநிலத்தின் வடமேற்கில், மிஸிஸிப்பி ஆற்றுக்கும் யாஸூ ஆற்றுக்கும் இடையே பரந்து கிடக்கும் வண்டல் சமவெளியை டெல்டா என்று அழைக்கிறார்கள். பருத்திக்குப் பேர்போன மண். அந்தச் சமவெளியின் நடுவில் இருப்பது சன்பிளவர் கவுண்டி. கவுண்டி என்பது நம் ஊர்த் தாலுகாவுக்கும் மாவட்டத்துக்கும் இடைப்பட்ட ஒரு நிர்வாகப் பிரிவு என்று கொள்ளலாம். சூரியகாந்தி என்று பொருள்படும் அந்த அழகிய பெயரைத் தாங்கிய சிற்றூர் ஒன்றும் அதனுள் உண்டு. 1960களில் அவ்வூரின் மக்கள்தொகை ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. கவுண்டியின் தலைமையூர் இண்டியனோலா. ரூல்வில், மூர்ஹெட், ட்ரூ என்று இன்னும் சில சிற்றூர்கள். அந்நாளில் கவுண்டி மக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர். அவர்களில் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறியிருந்தவர்களோ, வயது வந்தோரில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

இது எப்படி நேர்ந்தது? அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை ஒழிந்தபின், 1870இல் அந்நாட்டு அரசியல் சட்டத்துக்குப் பதினைந்தாவது திருத்தம் வந்தது. இனத்தையோ நிறத்தையோ முன்னாள் அடிமைநிலையையோ காரணம் காட்டி ஒருவருக்கு வாக்குரிமையை மறுக்கலாகாது என்பது அதன் சாரம். சில ஆண்டுகள் மிஸிஸிப்பியில் கறுப்பினத்தவர் வாக்களித்தார்கள், சட்டமன்றத்திலும் அமர்ந்தார்கள். பிறகு 1890இல் அந்த மாநிலம் புதிய மாநில அரசியல் சட்டம் ஒன்றை இயற்றிக்கொண்டது. அதில் இனம் என்ற சொல்லையே வாக்குரிமைப் பகுதியில் காண முடியாது. அதுதான் அதன் சாமர்த்தியம். ஆண்டுக்கு இரண்டு டாலர் தலைவரி கட்ட வேண்டும். தேர்தலுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கும் அதைக் கட்டி முடித்திருக்க வேண்டும். மாநில அரசியல் சட்டத்தின் எந்தப் பிரிவையேனும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது பிறர் படிக்கக் கேட்டுப் பொருள் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சட்டம் எல்லாருக்கும் பொதுவானதே. ஆனால் சொன்ன பொருள் சரியா தவறா என்று தீர்மானிப்பவர் பதிவு அலுவலர் ஒருவரே.

1954இல் இந்த விதியை இன்னும் இறுக்கினார்கள். அதன்பின் விண்ணப்பம் செய்பவர் படிக்கவும் வேண்டும், எழுதவும் வேண்டும், பொருள் விளக்கவும் வேண்டும்; அத்துடன் குடிமகனின் கடமைகள் யாவை என்று ஒரு சிறு கட்டுரையும் எழுத வேண்டும். அந்த அரசியல் சட்டத்தில் அப்போது 285 பிரிவுகள் இருந்தன. பதிவு அலுவலர் எந்தப் பிரிவையும் எடுத்துக் கொடுக்கலாம். ஒருவருக்கு ஒரே வரியில் அமைந்த எளிய பிரிவும், அடுத்தவருக்கு வழக்கறிஞர்களே தடுமாறும் நீண்ட பிரிவும் கிடைப்பதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. நம் மாணவர்கள் தேர்வு மண்டபத்தில் படும் பாடு எனக்குத் தெரியாததல்ல. ஆயினும் வினாத்தாளைத் தருபவரே விடைத்தாளைத் திருத்துபவராகவும், நீங்கள் தேறக்கூடாது என்பதில் கருத்துடையவராகவும், தவறு எது என்று சொல்லக் கடமைப்படாதவராகவும் இருக்கும் தேர்வை நம்மில் எவரும் எழுதியிருக்க மாட்டோம்.

விண்ணப்பத் தாளில் இருபதுக்கு மேற்பட்ட வினாக்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, நீங்கள் யாரிடம் வேலை செய்கிறீர்கள் என்பது. வாக்குரிமைக்கும் எசமானருடைய பெயருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். டெல்டாவின் பொருளாதாரத்தை அறிந்தால் சம்பந்தம் விளங்கிவிடும். அங்கே கறுப்பின மக்களில் பெரும்பாலோர் பண்ணைகளில் வாரக்குடிகளாகவோ கூலியாட்களாகவோ வாழ்ந்தனர். நிலம் பண்ணையாருடையது, விதையும் உரமும் அவர் தந்த கடன், குடியிருக்கும் வீடும் பண்ணையைச் சேர்ந்தது. பருத்தி விலைபோன பின் பற்றுவரவுக் கணக்கை எழுதுபவரும் பண்ணையாரே. ஆண்டு முடிவில் குடியானவன் கையில் மிஞ்சுவது பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்கான கடன்தான். தஞ்சைப் பகுதியின் பழைய பண்ணை முறையை அறிந்தவர்களுக்கு இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. இத்தகைய ஒருவர் பதிவு அலுவலகத்துக்குப் போய் எசமானர் பெயரை எழுதிக் கொடுத்தால், மாலை அவர் வீடு திரும்புமுன் செய்தி பண்ணைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். 1962இல் மற்றொரு சட்டம் வந்தது. விண்ணப்பம் செய்தவர்களின் பெயர்களை உள்ளூர்ச் செய்தித்தாளில் இரண்டு வாரம் வெளியிட வேண்டும் என்றது அது. ஆகவே தேர்வில் தேறினாலும் தேறாவிட்டாலும், எழுதினார் என்பது ஊரறிந்த செய்தியாகிவிடும்.

இவ்வளவு தடைகளையும் மீறிச் சென்றவர்களில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர் அம்மையார். 1917இல் பிறந்தவர், இருபது குழந்தைகளில் கடைக்குட்டி. ஆறு வயதிலேயே பருத்தி பொறுக்கப் போனவர். ரூல்விலுக்கு அருகே ஒரு பண்ணையில் பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்து, ஆட்களின் வேலை நேரத்தைக் குறித்து வைக்கும் பொறுப்பிலும் இருந்தார். 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ரூல்விலில் ஒரு சிறு தேவாலயத்தில் மாணவர் இயக்கத்தினர் கூட்டம் ஒன்று நடத்தினார்கள். தம்மைப் போன்றவர்களும் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளலாம் என்பதையே தாம் அந்த ஆண்டில்தான் அறிந்ததாக அம்மையார் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 44. இருபத்தொரு வயதிலேயே அவருக்கு வந்திருக்க வேண்டிய உரிமை அது.

ஆகஸ்டு 31ஆம் தேதி பதினெட்டுப் பேர் ஒரு பழைய பேருந்தில் இண்டியனோலாவுக்குச் சென்றார்கள். நீதிமன்றக் கட்டிடத்தில் இருவர் இருவராகத்தான் உள்ளே விட்டார்கள். ஹேமருக்குக் கிடைத்தது மாநில அரசியல் சட்டத்தின் பதினாறாம் பிரிவு. செயல் நடந்து முடிந்த பிறகு இயற்றி, அதற்கு முன்தேதியிட்டுச் செல்லும் சட்டங்களைத் தடை செய்யும் பிரிவு அது. அதைப் படிக்கவும் பார்த்து எழுதவும் அவரால் முடிந்தது; விளக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தைச் சில ஆண்டுகளே கண்ட ஒரு விவசாயக் கூலிப் பெண்ணுக்கு அது எப்படி விளங்கும்? நம் சட்டக் கல்லூரி மாணவர்களே அதற்கு ஒரு வகுப்பு முழுவதும் பாடம் கேட்கிறார்கள்! திரும்பி வரும் வழியில் காவலர்கள் பேருந்தை நிறுத்தினார்கள். வண்டியின் நிறம் தவறான நிறம் என்று குற்றம் சாட்டி ஓட்டுநருக்கு அபராதம் விதித்தார்கள். உடன் சென்றவர்கள் தங்களுக்குள் பணம் திரட்டிக் கட்டி ஊர் வந்து சேர்ந்தார்கள்.

அன்று மாலையே பண்ணையார் ஹேமரிடம் வந்தார். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டும், இல்லையேல் பண்ணையை விட்டு வெளியேற வேண்டும் என்றார். உங்களுக்காக நான் பதிவு செய்யப் போகவில்லை, எனக்காகவே போனேன் என்ற கருத்தில் அம்மையார் விடை சொன்னார். அன்றிரவே வீட்டை விட்டு வெளியேறினார். பத்து நாட்கள் கழித்து, அவருக்கு அடைக்கலம் தந்திருந்த ரூல்வில் வீட்டின்மீது பதினாறு குண்டுகள் பாய்ந்தன. அதே இரவில் அவ்வூரில் மற்றொரு வீட்டில் இரண்டு இளம்பெண்கள் குண்டடி பட்டார்கள்.

டிசம்பரில் ஹேமர் மீண்டும் தேர்வு எழுதினார். இம்முறை மாநில அரசியல் சட்டத்தைப் படித்துத் தயாராகவே போயிருந்தார். 1963 ஜனவரியில் தேறியதாக அறிந்தார். பெயர் பட்டியலில் ஏறியது. ஆனால் அந்த ஆண்டு நடந்த தேர்தலில் வாக்களிக்கச் சென்றபோது, இரண்டு ஆண்டுகளுக்குத் தலைவரி கட்டிய ரசீது எங்கே என்று கேட்டார்கள். முந்தைய ஆண்டில் பட்டியலில் ஏறவே விடப்படாத ஒருவரிடம் முந்தைய ஆண்டின் வரி ரசீது எப்படி இருக்கும்? ஒரு கதவைத் திறந்தால் அடுத்த கதவு பூட்டியிருக்கும்படி கட்டப்பட்ட வீடு அது. அதே 1963இல், வாக்காளர் பதிவுப் பயிற்சி ஒன்றுக்குச் சென்று திரும்புகையில் வினோனா என்ற ஊரில் அவரைச் சிறையிலடைத்து அடித்தார்கள். அந்தக் காயங்களின் விளைவு ஆயுள் முழுதும் அவரை விட்டு நீங்கவில்லை.

வாக்களிப்பதற்காக ஏன் இத்தனை துன்பம் ஏற்க வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. வாஷிங்டனில் யார் ஜனாதிபதி ஆனால் டெல்டாவின் பருத்திக் கூலிக்கு என்ன? உண்மையில் அந்த மக்களின் அன்றாட வாழ்வை ஆண்டவர்கள் வாஷிங்டனில் இல்லை, இண்டியனோலாவில் இருந்தார்கள். கவுண்டியின் காவல் தலைவராகிய ஷெரிஃப் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். சாலை, வரி, உதவித் திட்டங்கள் ஆகியவற்றைக் கவனிக்கும் மேற்பார்வையாளர் குழுவும் அவ்வாறே. பக்கத்துக் கவுண்டியாகிய லெஃப்ளோரில் 1962ஆம் ஆண்டின் இறுதியில் அத்தகைய குழு ஒன்று, மத்திய அரசு தந்த உபரி உணவுப் பொருள்களை ஏழைகளுக்கு வழங்குவதை நிறுத்திவிட்டது. பருத்தி வேலை ஓய்ந்த குளிர்காலத்தில் ஏறத்தாழ இருபத்திரண்டாயிரம் பேரின் சமையற்கட்டை அது தாக்கியது. வாக்குப் பதிவு இயக்கம் அங்கே சூடு பிடித்திருந்த காலம் அது. மாவும் அரிசியும் வருவதும் வராததும் உள்ளூர்த் தேர்தலில் யார் வெல்கிறார் என்பதைப் பொறுத்திருந்தன.

இவை எல்லாவற்றிலும் விசித்திரமானது, வாக்காளர்களைப் பதிவு செய்யும் அலுவலரும் அங்கே மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவரே என்பது. கவுண்டி நீதிமன்றத்தின் பதிவாளர் தேர்தலில் நின்று பதவிக்கு வருபவர். வாக்காளர் பட்டியலும் அவர் பொறுப்பு. தம்மைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்கள் யார் யார் என்பதை அவரே தேர்ந்தெடுக்கிறார்! பட்டியலில் இல்லாதவர்கள் அவரைத் தோற்கடிக்க முடியாது. அவரைத் தோற்கடிக்காமல் அவர்கள் பட்டியலில் ஏற முடியாது. என் கருத்தில், இந்தக் கதையின் உயிர்நாடி இதுதான். தலைவரியும் எழுத்துத் தேர்வும் பூட்டுகள் மாத்திரமே. பூட்டுக்குரியவனே காவற்காரனையும் நியமித்தான் என்பதால்தான் எழுபது ஆண்டுகளாக அவற்றை எவராலும் திறக்க முடியவில்லை. தேர்தலில் அக்கறையுடைய கட்சிகளுக்கு அப்பாற்பட்டு நிற்கும் ஓர் ஆணையத்திடம் பட்டியலை ஒப்படைத்த நம் அரசியல் நிர்ணய சபையின் முடிவு எத்தகையது என்பதை, இத்துடன் ஒப்பிடும்போதுதான் நன்கு உணர முடிகிறது.

உள்ளே இருப்பவர் திறக்காத பூட்டை வெளியிலிருந்துதான் உடைக்க வேண்டும். அது மூன்று வழிகளில் நடந்தது. முதலாவது, தெற்குக்கு வந்த மாணவர்களும் உள்ளூர் மக்களும் சேர்ந்து நடத்திய பிரசாரம். 1963 நவம்பரில் அவர்கள் ஒரு மாதிரித் தேர்தல் நடத்தினார்கள். எந்தச் சட்ட மதிப்பும் இல்லாத அந்தத் தேர்தலில், தேவாலயங்களிலும் கடைகளிலும் வைத்த பெட்டிகளில், சுமார் எண்பதாயிரம் பேர் வாக்களித்தார்கள். கறுப்பினத்தவருக்கு வாக்குரிமையில் நாட்டமில்லை என்று சொல்லி வந்தவர்களுக்கு அதுவே விடை. இரண்டாவது வழி மத்திய அரசின் சட்டம். மத்தியத் தேர்தல்களில் தலைவரியைத் தடை செய்த இருபத்துநான்காவது திருத்தம் 1964 ஜனவரியில் நிறைவேறியது. ஆனால் மாநில, உள்ளூர்த் தேர்தல்களுக்கு அது பொருந்தாது. அவற்றில் தலைவரி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1966 மார்ச்சில்தான். இடையே 1965 ஆகஸ்டு 6ஆம் தேதி வாக்குரிமைச் சட்டம் வந்தது. எழுத்துத் தேர்வுகள் நின்றன. தேவைப்பட்ட கவுண்டிகளுக்கு மத்திய அரசே பதிவு அலுவலரை அனுப்பலாம் என்றாயிற்று. அதன் பயன் வியக்கத்தக்கது: மிஸிஸிப்பியில் பதிவு பெற்ற கறுப்பினத்தவர் 1965க்கு முன் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு, 1967இல் ஏறக்குறைய அறுபது பேர்.

மூன்றாவது வழி நீதிமன்றம். இங்கேதான் நம் கதை அந்தச் சூரியகாந்திச் சிற்றூருக்குத் திரும்புகிறது. 1965 ஏப்ரலில், அதாவது வாக்குரிமைச் சட்டம் வருவதற்கு முன்பே, சன்பிளவர் கவுண்டியின் பதிவு அலுவலர் இன வேறுபாடு காட்டக்கூடாது என்று மத்திய மாவட்ட நீதிமன்றம் ஆணையிட்டது. மக்கள் பதிவு செய்துகொள்ளத் தொடங்கினார்கள். ஆனால் சன்பிளவர், மூர்ஹெட் ஊர்களின் நகரசபைத் தேர்தல் ஜூன் மாதத்திலேயே வரவிருந்தது. தேர்தலுக்கு நான்கு மாதம் முன்னதாகப் பதிவு செய்தவர்களே வாக்களிக்கலாம் என்பது மாநில விதி. ஏப்ரலில் கிடைத்த உரிமை ஜூனில் பயன்படாது. தேர்தலைத் தள்ளி வைக்கும்படி ஹேமரும் மற்றவர்களும் நீதிமன்றத்தை நாடினார்கள். கீழ்க்கோர்ட்டு மறுத்தது; தேர்தல் நடந்தது; வழக்கம்போல் வெள்ளையரே வென்றனர்.

அம்மையார் விடவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1966 மார்ச்சில் தீர்ப்புக் கூறியது. ஊர் மக்களில் பெரும்பகுதியினரைச் சட்டவிரோதமாகப் பட்டியலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடத்திய தேர்தலை அப்படியே விட்டுவிட முடியாது; புதுத் தேர்தல் நடத்த வேண்டும் என்பது அதன் முடிவு. சட்ட நூல்களில் 'ஹேமர் எதிர் கேம்ப்பெல்' என்று அம்மையார் பெயரால் வழங்கும் வழக்கு இது. நடந்து முடிந்த தேர்தலை நீதிமன்றங்கள் எளிதில் தொடமாட்டா. எண்ணிய வாக்குகளில் பிழை இல்லாதபோதும், எண்ண வாய்ப்பே தராத வாக்குகளுக்காக ஒரு தேர்தலை ரத்துச் செய்தார்கள் என்பதுதான் இதன் சிறப்பு.

1967 மே 2ஆம் தேதி மறுதேர்தல் நடந்தது. நாடெங்குமிருந்து பத்திரிகையாளர்கள் அந்தச் சிற்றூருக்கு வந்து குழுமினார்கள். சன்பிளவரில் நகரத் தலைவர் பதவிக்கு ஓடிஸ் பிரௌன் என்ற கறுப்பின இளைஞர் போட்டியிட்டார், வயது இருபத்தொன்று. நகர்மன்றப் பதவிகளுக்கும் கறுப்பின வேட்பாளர்கள் நின்றார்கள். பட்டியலில் இப்போது கறுப்பின வாக்காளர்களே பெரும்பான்மை. ஆகவே முடிவு முன்கூட்டியே தெரிந்தது என்றுதான் பலர் எண்ணியிருப்பார்கள்.

பிரௌன் தோற்றார். மூர்ஹெட்டிலும் கறுப்பின வேட்பாளர்கள் தோற்றார்கள்.

மாணவர்களே, இந்த இடத்தில்தான் நாம் சற்று நிதானிக்க வேண்டும். பெரும்பான்மையோர் ஒரு பக்கம் இருந்தும் முடிவு மறுபக்கம் போயிற்று என்றால், அவர்களில் சிலர் வராமல் இருந்திருக்க வேண்டும், அல்லது வந்து மாற்றி வாக்களித்திருக்க வேண்டும். இரண்டுக்கும் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. பட்டியல் மாறியது, பண்ணை மாறவில்லை. குடியிருக்கும் வீடு இன்னும் எசமானருடையது. கடையில் கடன் இன்னும் அவர் சொல்லால் கிடைப்பது. வாக்கு இரகசியமானது என்று சட்டம் சொல்கிறது. முந்நூறு, நானூறு பேர் வாக்களிக்கும் ஊரில், முகம் தெரிந்த அலுவலர்முன் நின்று சீட்டைப் பெறுகிறவனுக்கு அந்த இரகசியத்தில் எவ்வளவு நம்பிக்கை பிறக்கும்? மேலும், எழுத்தறியாதவர்களும் இப்போது வாக்காளர்கள். நம் நாட்டுச் சீட்டில் உள்ளதுபோல் அங்கே சின்னங்கள் இல்லை. அச்சிட்ட பெயர்களே உண்டு. படிக்கத் தெரியாதவருக்குச் சீட்டைப் படித்துக்காட்டி உதவுபவர் யார் என்ற கேள்வி எழுகிறது. உதவுபவர் நேற்றுவரை அவரை வெளியே நிறுத்தியவரின் உறவினராகவோ நண்பராகவோ இருந்தால், அந்த உதவியை நாடத் துணிவு வேண்டும். காளைமாடு போன்ற சின்னங்களைப் பயன்படுத்திய நம் முதல் தேர்தலைக் கண்டு அன்று நகைத்தவர்கள் உண்டு. மிஸிஸிப்பியின் அனுபவத்தை அறிந்திருந்தால் அவர்கள் நகைத்திருக்க மாட்டார்கள்.

பக்கத்துக் கவுண்டிகளில் நிலைமை முற்றும் இதுபோல் இல்லை. அதே 1967ஆம் ஆண்டு நவம்பரில், ஹோம்ஸ் கவுண்டியிலிருந்து ராபர்ட் கிளார்க் என்ற ஆசிரியர் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த நூற்றாண்டில் மிஸிஸிப்பிச் சட்டமன்றத்தில் நுழைந்த முதற் கறுப்பினத்தவர் அவரே. ஹோம்ஸில் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே கணிசமான கறுப்பினக் குடும்பங்கள் சொந்த நிலத்தில் பயிரிட்டு வந்தன. மைல்ஸ்டன் என்ற பகுதியில் 1940 வாக்கில் மத்திய அரசு பண்ணை ஒன்றை வாங்கிப் பிரித்துக் கறுப்பின விவசாயிகளுக்கு விற்றிருந்தது. வெளியேற்றுவேன் என்று அவர்களைப் பயமுறுத்த எவராலும் முடியாது. சொந்தக் காணியில் நிற்பவன் வாக்கும் பிறர் காணியில் நிற்பவன் வாக்கும் எண்ணிக்கையில் ஒன்றே. இடும் கையின் நடுக்கத்தில்தான் வேறுபாடு. ஹேமர் அம்மையாரும் 1969இல் ரூல்வில் பக்கத்தில் நாற்பது ஏக்கர் நிலம் வாங்கிக் கூட்டுறவுப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார். காய்கறி பயிரிட்டுப் பகிர்ந்தார்கள். ஏழைக் குடும்பங்களுக்குப் பன்றிகளைக் கடனாகக் கொடுத்து, ஈன்ற குட்டிகளால் கடனைத் திரும்பப் பெறும் ஒரு திட்டத்தையும் நடத்தினார்கள். போதிய பணமில்லாமல் அந்தப் பண்ணை சில ஆண்டுகளில் நலிந்து போயிற்று. 1977இல் அம்மையார் காலமானார்.

பட்டியலில் பெயர் ஏறியபின் மற்றொரு வகைச் சூழ்ச்சியும் தோன்றிற்று. அதையும் சொல்லாவிட்டால் கதை முடியாது. கவுண்டியை வட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுப்பது பழைய முறை. கறுப்பினத்தவர் மிகுந்த வட்டங்களில் இனி அவர்கள் வென்றுவிடுவார்கள் என்று கண்டதும், 1966இல் மிஸிஸிப்பிச் சட்டமன்றம் கவுண்டி முழுவதும் சேர்ந்தே எல்லா மேற்பார்வையாளர்களையும் தேர்ந்தெடுக்கலாம் என்று முறையை மாற்ற இடம் கொடுத்தது. ஒரு வட்டத்தில் பெரும்பான்மையாக இருப்பவர்கள் முழுக் கவுண்டியில் சிறுபான்மையாகக் கரைந்து போவார்கள் அல்லவா? எவருடைய வாக்கும் பறிக்கப்படவில்லை. அதன் எடை மட்டுமே குறைக்கப்பட்டது. இத்தகைய மாற்றங்களும் வாக்குரிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவுக்கு உட்பட்டவை, மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் அவை செல்லா என்று 1969இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதன்பின் ஒரு சிற்றூர் வாக்குச்சாவடியை ஒரு தெரு தள்ளி மாற்றுவதாக இருந்தாலும், வட்ட எல்லையை ஓர் ஓடைக்கு அப்பால் நகர்த்துவதாக இருந்தாலும், முதலில் வாஷிங்டனுக்கு எழுதி அனுமதி பெற வேண்டியிருந்தது.

அந்த ஏற்பாடு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. எந்தெந்த மாநிலங்கள் அனுமதி பெற வேண்டும் என்று நிர்ணயித்த பழைய அளவுகோல் இக்காலத்துக்குப் பொருந்தாது என்று 2013 ஜூன் 25ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. அன்றுமுதல் மிஸிஸிப்பியின் ஊர்மன்றங்கள் தங்கள் தேர்தல் விதிகளை மாற்றுவதற்கு முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மாற்றம் தவறென்று எண்ணுகிறவர், அது நடைமுறைக்கு வந்த பிறகு, தாமே வழக்குத் தொடுக்க வேண்டும்.